போஸ்ட் போட்டும் ஆர்டர் வரவில்லையா? அடைப்பைத் தேடும் வழி

மாட்டுங்காவில் பட்சணம் செய்து விற்கும் மாமி, தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் தோல் பை தைக்கும் அண்ணாச்சி, செம்பூரில் பிளவுஸ் தைக்கும் அக்கா, டோம்பிவிலியில் டிபன் கட்டிக் கொடுக்கும் தம்பதி. மும்பையில் சின்னதாகத் தொழில் செய்யும் நம் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே புலம்பல்தான்: தினமும் ஏதாவது போடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. இந்த 'ஒன்றும் நடக்கவில்லை'க்குள் பத்துப் பதினோரு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது, அதனால் உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் தேடிப் படித்தால் போதும்.

படிக்கும் முன் வரிசை பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் மேலிருந்து ஆரம்பிக்கிறார்கள்: ஹேஷ்டேக் சரியா, நல்ல கேமரா வாங்கலாமா, எத்தனை மணிக்குப் போடணும். நான் தலைகீழாகப் பார்க்கச் சொல்கிறேன். குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் குழாயின் வாயைத்தான் கழற்றிப் பார்ப்போம், மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறுவது கடைசியில்தான். ஆர்டர் வந்து விழும் இடத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள். பாதிப் பேருக்கு முதல் அறிகுறியிலேயே வேலை முடிந்துவிடும்.

"லைக் வருது, ஆர்டர் வரல"

முதலில் ஒரு சோதனை. உங்கள் கடையைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவரிடம், மேல் வீட்டுக்காரர் ஆனாலும் சரி, அவர் போனிலேயே உங்கள் கடைசி போஸ்ட்டைத் திறந்து கொடுத்து, "இதைப் பார்த்து அரைக் கிலோ தட்டை ஆர்டர் பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். உதவி செய்யக் கூடாது. அவர் விரல் எங்கே நிற்கிறதோ, எங்கே "அப்புறம்?" என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கேதான் அடைப்பு.

பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்கிறேன். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் லிங்க் போட்டிருப்பீர்கள். அங்கே அது வெறும் எழுத்து, தொட்டால் திறக்காது. யூடியூப் ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமென்ட்டிலும் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து லிங்க் திறப்பதில்லை. போன் நம்பரைப் போஸ்டருக்குள் எழுதியிருப்பீர்கள்; பார்ப்பவர் அதைப் பார்த்துப் பார்த்து டயல் பண்ண வேண்டும், பெரும்பாலும் பண்ண மாட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய அடைப்பு, "விலைக்கு மெசேஜ் பண்ணவும்" என்கிற வரி. லோக்கல் ரயிலில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனைத் தள்ளுகிற ஆள், விலை கேட்டு டைப் பண்ணி, பதிலுக்குக் காத்திருந்து, அது கட்டுப்படியாகவில்லை என்றால் 'வேண்டாம்' என்று சொல்லச் சங்கடப்பட்டு... இத்தனையும் எதற்கு என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். போட்டிக் கடைக்காரனுக்கு விலை தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

சரி செய்வது சுலபம், காசும் இல்லை. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை ஏற்றி, கேட்டலாக்கில் ஒவ்வொரு பொருளையும் எடை, விலை, எத்தனை நாள் தாங்கும் என்பதோடு ஏற்றுங்கள். அதே ஆப்பில் ஷார்ட் லிங்க் கிடைக்கும். தொட்டவுடன் 'தட்டை வேண்டும்' என்று முன்கூட்டியே எழுதிய மெசேஜோடு உங்கள் சாட் திறக்கும்படி அமைக்கலாம், வாங்குகிறவர் அனுப்பும் பட்டனை அமுக்கினால் போதும். இந்த லிங்க்கை இன்ஸ்டாகிராம் பயோவில் வையுங்கள், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கராக ஒட்டுங்கள்.

அப்புறம் டெலிவரி. மும்பையில் இதைச் சொல்லாமல் விட்டால் ஆர்டர் பாதியில் நின்றுவிடும், ஏனென்றால் வசாயில் இருப்பவருக்கும் வாஷியில் இருப்பவருக்கும் நீங்கள் ஒரே ஊரில் இல்லை. "செம்பூர், சயான், மாட்டுங்கா: வீட்டில் கொடுப்போம். மற்ற இடங்களுக்குக் கூரியர். சனிக்கிழமை மாலை தாதர் ஸ்டேஷனில் வந்தும் வாங்கிக்கொள்ளலாம்" என்று பயோவிலும் கேட்டலாக்கிலும் எழுதிவிடுங்கள். ஸ்டேஷனில் கைமாற்றுவது இந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம்தான், அதை எழுதி வைக்க எதற்குக் கூச்சம்?

இதெல்லாம் சரியாகும் வரை, காசு கட்டிப் போஸ்ட்டைப் பரப்பும் பூஸ்ட் பட்டனைத் தொடாதீர்கள். அடைத்த இடத்துக்கு அதிகக் கூட்டத்தைக் காசு கொடுத்துக் கூட்டிவருவதில் லாபம் உங்களுக்கு இல்லை.

"வியூ நல்லா வருது, ஆனா எல்லாம் ஊர்ல இருந்துதான்"

இன்ஸ்டாகிராமைப் புரொஃபஷனல் கணக்காக மாற்றியிருந்தால் இன்சைட்ஸ் என்ற புள்ளிவிவரப் பகுதியில் பின்தொடர்பவர்கள் எந்த ஊர் என்று தெரியும். அங்கே சென்னை, மதுரை, திருநெல்வேலி மேலே நின்று மும்பை கீழே கிடந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். தமிழில் பேசி, தமிழில் எழுதி, தமிழ்ப் பாட்டும் வைத்தால் தமிழ் பார்க்கிறவர்களிடம்தான் அது போய்ச் சேரும், அவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சித்தப்பா மகனின் லைக் மனசுக்கு நல்லது, கல்லாவுக்கு ஒன்றுமில்லை.

இங்கே முடிவு செய்ய வேண்டியது பொருளைப் பொறுத்தது. முறுக்கு, பருப்புப் பொடி, தோல் பை என்றால் கூரியரில் ஊருக்கே விற்கலாம், அப்போது இது கோளாறே இல்லை. இட்லி மாவு, மதியச் சாப்பாடு, பிளவுஸ் தைப்பது என்றால் மூன்று நான்கு ஸ்டேஷன் தூரத்துக்குள் இருப்பவர்தான் வாடிக்கையாளர், அவர் தமிழராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் குரல் தமிழிலேயே இருக்கட்டும், அது தனி அழகு, ஆனால் திரையில் வரும் எழுத்து இந்தியிலோ மராத்தியிலோ வரட்டும். கேப்ஷனில் ஏரியாவின் பெயரை எழுதுங்கள், லொகேஷன் டேக் போடுங்கள். முறுக்கை இங்கே பக்கத்து வீட்டுக்காரர் சக்லி என்றுதான் தேடுவார், அந்தச் சொல்லும் கேப்ஷனில் இருக்க வேண்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. மகாராஷ்டிராவில் பெயர்ப் பலகை மராத்தியில், தேவநாகரி எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடைக்காரர்களுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்துச் செய்யச் சொன்னதும் நினைவிருக்கும். எப்படியும் அந்தப் பலகை உங்களிடம் இருக்கும், அதைப் படம் எடுத்து, கூகுள் தேடலிலும் மேப்பிலும் தெரியும் உங்கள் கடைப் பக்கத்தில் (கூகுள் பிசினஸ் பக்கம்) போடுங்கள். தேடி வருகிறவர் தெருவில் நின்று பார்க்கப்போவது அந்த எழுத்தைத்தான்.

"எதைப் போடறதுன்னே தெரியல"

இது யோசனைப் பஞ்சம் இல்லை, தேடுகிற இடம் தப்பு. இன்றைக்கு என்ன டிரெண்ட் என்று இன்ஸ்டாகிராமைத் தள்ளிக்கொண்டே இருப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து போன மாதம் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் சொல்லில், அவர்கள் கேட்டபடியே. எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்? எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருக்கும்? வெங்காயம் பூண்டு சேர்க்காமல் கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்வி மும்பையில் ஜைன வாடிக்கையாளர் உள்ள எல்லாருக்கும் வரும். ஊருக்கு ரயிலில் எடுத்துப் போனால் நொறுங்குமா? பத்துப் பேருக்கு எவ்வளவு வாங்கணும்? தையல் அக்காவுக்கு வேறு கேள்விகள்: அளவு பிளவுஸ் கொடுத்தால் போதுமா, லைனிங் உங்களுடையதா, எத்தனை நாளில் கிடைக்கும். பை விற்கிறவரை ஜூனிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான், மழையில் நனைந்தால் என்ன ஆகும்.

இனி ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில். வாயால் சொல்லுங்கள், போனில் பதிவு பண்ணுங்கள், அதைக் கேட்டு நாலே வரியில் எழுதுங்கள். இந்த நாலு வரிதான் மூலச் சரக்கு, இதிலிருந்து மற்றதெல்லாம் பிரியும். குரலோடு பொருளைக் காட்டினால் அரை நிமிட ரீல். அதே நாலு வரியை நாலு படத்தின் மேல் எழுதினால் இன்ஸ்டாகிராமில் வரிசைப் படங்கள். ஒரு வரியை மட்டும் எடுத்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அப்படியே கேட்டலாக்கில் பொருள் விவரமாக ஒட்டலாம். வாட்ஸ்அப் பிசினஸில் குவிக் ரிப்ளையாகச் சேமித்தால் அடுத்த முறை அதே கேள்வி வரும்போது நீங்கள் டைப் பண்ணவே வேண்டாம். ஐந்து இடத்துக்கு ஒரே உழைப்பு, அதிலும் கடைசி இரண்டுதான் ஆர்டருக்கு மிகப் பக்கத்தில் இருப்பவை. வேடிக்கை என்னவென்றால் பலரும் ரீலோடு நிறுத்திவிட்டு அந்த இரண்டையும் செய்வதே இல்லை.

வாடிக்கையாளர் அனுப்பிய பாராட்டும் நல்ல சரக்குதான். போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் பெயர், நம்பர், டிபி மூன்றையும் மறையுங்கள்.

"எடுக்க உட்கார்ந்தா பாதி நாள் போயிடுது"

தனியாக உட்கார்ந்து எடுப்பதால்தான் போகிறது. முறுக்கு எப்படியும் பிழியத்தான் போகிறீர்கள், அன்றைக்கு போனை ஸ்டாண்டில் வைத்து நிமிர்த்தி விடுங்கள். மாவு பிசையும் கை, அச்சிலிருந்து விழும் முறுக்கு, எண்ணெயில் குமிழி அடங்குவது, வடிதட்டில் கொட்டும் சத்தம், உடைத்துக் காட்டுவது, எடை போடுவது, கவரை ஒட்டுவது. ஒவ்வொன்றும் பத்து விநாடி போதும், நிறுத்தி நிறுத்தி எடுங்கள். ஒரு மணி நேரத்தை ஒரே வீடியோவாக எடுத்தால் அதை வெட்ட உட்காரும்போதுதான் பாதி நாள் போகும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, எடுத்ததில் எழுத்தோ பாட்டோ சேர்க்காத ஒரு பிரதியைத் தனியாக வையுங்கள். எல்லா மறுபயன்பாட்டுக்கும் இதுதான் அடித்தளம். இந்தி எழுத்து வேண்டுமா, மராத்தி வேண்டுமா, அடுத்த வருஷம் வேறு பாட்டு வேண்டுமா, இந்தப் பிரதி இருந்தால் சில நிமிட வேலை. இரண்டாவது, விலை, தேதி, தள்ளுபடி, 'இந்த தீபாவளிக்கு' என்ற சொல் எதையும் வீடியோவுக்குள் பேசாதீர்கள், எழுதவும் வேண்டாம். எண்ணெய் விலை ஏறினால் அடுத்த மாதமே அந்த வீடியோ குப்பை. விலை கேப்ஷனிலும் கேட்டலாக்கிலும் இருக்கட்டும், அங்கே மாற்ற ஒரு நிமிடம்தான். விலையைக் காட்டுங்கள் என்று மேலே சொன்னதும் இதுவும் முரண் இல்லை, காட்ட வேண்டும், ஆனால் மாற்ற முடிகிற இடத்தில் காட்ட வேண்டும்.

சேமிப்பு: பொருள் பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே எடுத்த மாதம். கூகுள் கணக்கோடு வரும் 15 ஜிபி வீடியோவுக்குச் சீக்கிரம் நிறைந்துவிடும், ஒரு பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ வாங்குவது வீண் செலவு இல்லை. எதையும் உங்களுக்கு நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமிக்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

"ஒரே வீடியோதான், இங்க ஓடுது, அங்க ஓடல"

ஒன்றை எடுத்து நாலு இடத்தில் அப்படியே ஒட்டுவதை மறுபயன்பாடு என்று சொல்லித் திரிகிறார்கள். இடத்துக்கு இடம் ஆட்கள் வரும் மனநிலையே வேறு. இன்ஸ்டாகிராமில் உங்களைத் தெரியாதவர் வழிபோக்கில் பார்க்கிறார், ஸ்டேட்டஸில் உங்கள் நம்பரைச் சேமித்தவர் பார்க்கிறார், கூகுளில் வருபவர் ஏற்கெனவே வாங்க முடிவு செய்து கடையைத் தேடுகிறார். முதல் ஆளுக்குக் கண்ணை நிறுத்தும் காட்சி வேண்டும், இரண்டாமவருக்கு 'இன்று சூடாகப் போட்டது, மாலை வரை எடுக்கலாம்' என்ற செய்தி போதும், மூன்றாமவருக்குக் கடை எங்கே, எப்போது திறந்திருக்கும்.

அதனால் ஒரே காட்சியை மூன்று விதமாக வெட்டுங்கள். ரீலுக்கும் ஷார்ட்ஸுக்கும் முறுக்கு உடையும் சத்தம் முதல் நொடியிலேயே வரட்டும். வணக்கம், என் பெயர், எங்கள் கடை என்ற முன்னுரையை வெட்டி எறியுங்கள், அது கல்யாண மேடைக்கு. ஸ்டேட்டஸுக்கு அதிலிருந்து பத்து விநாடியும் அன்றைய செய்தி ஒரு வரியும். கூகுளுக்கு வீடியோ தேவையே இல்லை, அதிலிருந்து தெளிவான இரண்டு படம் போதும்.

பிறகு தொழில்நுட்பக் காரணங்கள். நிமிர்ந்த அளவில், அதாவது 9:16ல் எடுங்கள். கிடையாக எடுத்ததை நிமிர்ந்த சட்டத்தில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து பொருள் எறும்பு அளவு தெரியும். வேறு ஆப்பின் முத்திரை ஓரத்தில் மினுக்கும் வீடியோவை இன்ஸ்டாகிராம் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைத்துவிடுகிறது, இதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே ஒரு இடத்தில் போட்டதை டவுன்லோட் பண்ணி இன்னொரு இடத்தில் ஏற்றாமல் அந்தச் சுத்தமான பிரதியிலிருந்தே எடுங்கள். எழுத்தை நடுப்பகுதியில் வையுங்கள், அடியில் கேப்ஷனும் வலது ஓரத்தில் பட்டன்களும் அதை மூடிவிடும்.

பாட்டு காணாமல் போனால், அல்லது நண்பர் கணக்கில் கிடைக்கும் பாட்டு உங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால், அது பழுது இல்லை. பிசினஸ் கணக்குகளுக்கு சினிமாப் பாட்டுக் கிடங்கு முழுதாகத் திறக்காது, விளம்பரத்துக்கு அந்த உரிமை வேறு. மெட்டா சவுண்ட் கலெக்‌ஷனில் இலவச இசை இருக்கிறது. பட்சணத்துக்கு என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம், பொரியும் சத்தத்தை மிஞ்சிய இசை எது?

"படம் மங்கல், எழுத்து உடையுது, வீடியோவில் பட்டை ஓடுது"

மூன்றுக்கும் மூன்று காரணம், சீக்கிரம் பார்த்துவிடலாம்.

மங்கல் என்றால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். சிரிப்பு வேண்டாம், அடுப்படியில் இருக்கும் போனில் எண்ணெய்ப் புகை படிந்து வெளிச்சம் பூசினாற்போல் விழும், பழைய பருத்தித் துணியால் துடைத்தாலே புது போன் மாதிரி ஆகும். துடைத்தும் மங்கல் என்றால் வாட்ஸ்அப் சுருக்கியிருக்கிறது. மகன் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி இன்ஸ்டாகிராமில் போட்டால் இரண்டு முறை சுருங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், குறைந்தது எச்.டி. என்பதையாவது தொட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

போஸ்டரில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி விழுகிறது என்றால், எழுத்துருவில் தமிழ் ஆதரவு சரியில்லை, அல்லது ஃபோட்டோஷாப்பில் தென்னாசிய எழுத்துக்கான வேர்ல்டு ரெடி அமைப்பு இயக்கப்படவில்லை. அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்த வாசகத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் (Catamaran) மூன்றும் இலவச எழுத்துருக்கள், உடையாது. போஸ்டர் போகும் முன் வேறொரு கண் ஒருமுறை படிக்கட்டும்.

வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால் குற்றவாளி டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது, போன் விநாடிக்கு 30 அல்லது 60 படம் என்ற கணக்கில் எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை விழலாம். போன் கேமராவின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை விநாடியில் 50ல் ஒன்று அல்லது 100ல் ஒன்று என்று வையுங்கள். அது புரியவில்லை என்றால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போங்கள், வெளிச்சமும் அதுவே அழகு.

"நூறு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தருக்கும் போகல"

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். ஒற்றை டிக்கோடு நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். டெலிவரி கொடுக்கும்போது பொட்டலத்தில் ஒரு சிறு சீட்டு: "இந்த நம்பரைச் சேமித்தால் வெள்ளிக்கிழமை மெனு வரும்." அவ்வளவுதான். கண்ட குரூப்பில் இருந்து நம்பர்களைத் திரட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்; நாலு பேர் ரிப்போர்ட் அடித்தால் நம்பரே முடங்கலாம், அதே நம்பரில்தான் உங்கள் ஆர்டர் எல்லாம் இருக்கிறது.

"ஏ.ஐ. எழுதித் தருது, ஆனா யாரோ எழுதின மாதிரி இருக்கு"

ஏனென்றால் யாரோதான் எழுதியது. "எங்களின் உயர்தரத் தயாரிப்புகளின் அற்புதச் சுவையை இன்றே அனுபவியுங்கள்" என்று எந்த மாமியும் பேசியதில்லை. வெறும் கையோடு போய் 'முறுக்குக்கு ஒரு போஸ்ட் எழுது' என்று கேட்டால் இப்படித்தான் வரும். மாற்றிச் செய்யுங்கள்: போன் கீபோர்டில் தமிழில் பேசினால் எழுதும் வசதி இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொல்லுங்கள், அந்த வாசகத்தைக் கொடுத்து 'இதை நாலு வரியாகச் சுருக்கு, என் சொல்லை மாற்றாதே' என்று கேளுங்கள். இந்தி, மராத்திக்கு மாற்றவும் உதவும், ஆனால் மராத்தி தெரிந்த ஒருவர் பார்க்காமல் போடாதீர்கள். உணவுப் படத்தை மட்டும் ஏ.ஐ.யிடம் வரைந்து வாங்காதீர்கள். வந்த பொட்டலத்தில் அந்தப் பளபளப்பு இல்லை என்றால் முதல் ஆர்டரே கடைசி ஆர்டர்.

"போஸ்ட் போடும்போது பண்டிகை முடிஞ்சிடுது"

தீபாவளிக்கு முந்தின வாரம் நீங்கள் அடுப்பில் இருப்பீர்கள், போனில் இருக்க முடியாது. அப்போது போடுவதற்கு எல்லாம் முன்பே தயாராக இருக்க வேண்டும். இங்கே மராத்தி வீடுகளில் தீபாவளிக்கு ஃபராள் என்று சக்லி, சிவடா, கரஞ்சி, சங்கர்பாளி வாங்குவார்கள். ஆபீஸ் பரிசுப் பெட்டி ஆர்டரெல்லாம் வாரக் கணக்கில் முன்னாலேயே முடிவாகிவிடும். அதனால் சீடை கோகுலாஷ்டமிக்குச் செய்யும்போதே தீபாவளிக்கான காட்சிகளையும் எடுங்கள், நவராத்திரி சுண்டல் நாட்களில் தீபாவளி விலைப்பட்டியல் வெளியே வரட்டும். போன வருஷம் எடுத்ததில் தேதியும் விலையும் இல்லாத பிரதி இருந்தால் எடுக்கவே வேண்டாம், முதல் மூன்று நொடியை மட்டும் மாற்றி வெட்டிப் போடுங்கள். பார்த்தவர்களுக்குச் சலிக்காதா என்று கேட்பார்கள். உங்கள் வீடியோவை நீங்கள் நூறு முறை பார்த்திருக்கிறீர்கள், மற்றவர் ஒருமுறை பாதி பார்த்திருப்பார்.

மெட்டா பிசினஸ் சூட்டில் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போஸ்ட்டுகளை நேரம் குறித்து இலவசமாக முன்கூட்டியே அடுக்கி வைக்கலாம். ஆனால் போஸ்ட் வெளிவரும் நேரத்தில் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்று பார்த்து நேரம் குறியுங்கள்.

"போஸ்ட்டை எடுத்துட்டாங்க" அல்லது "யாரோ புகார் பண்ணிட்டாங்க"

கூகுள் பிசினஸ் பக்கத்தில் போஸ்ட் நிராகரிக்கப்பட்டால், உள்ளே போன் நம்பர் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள், அவர்கள் அதை ஏற்பதில்லை. அழைப்புப் பட்டன் தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள்.

உணவு விற்பவர்கள் சொல்லிலும் கவனமாக இருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிகளின்படி, ஒரு உணவு நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரத்தில் சொல்லக் கூடாது. "இந்தப் பொடி சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும்" என்பது வாடிக்கையாளர் சொன்னதாகவே இருக்கட்டும், நீங்கள் அதை எடுத்துப் போட்டால் அது உங்கள் விளம்பரம். 'இயற்கையான', 'பாரம்பரிய' போன்ற சொற்களுக்கும் நிபந்தனைகள் உண்டு. அதற்குப் பதில் செய்முறையைக் காட்டுங்கள்: கேழ்வரகு வறுப்பதைக் காட்டினால் 'பாரம்பரியம்' என்று எழுதவே தேவையில்லை. பொட்டலத்தின் படத்தில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (உணவுத் தொழில் உரிம எண் அல்லது பதிவு எண்) தெரியும்படி எடுங்கள், புதிதாக வாங்குகிறவர் அதைத் தேடுகிறார்.

"எல்லாம் சரி, இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு"

இல்லைதான். காலை நாலு மணிக்கு மாவு, ஏழு மணிக்கு டப்பா, பகலில் தையல் என்று இருப்பவரிடம் ஐந்து தளத்தில் தினமும் போடு என்று சொல்கிறவர் தொழில் செய்து பார்க்காதவர். இடங்களைக் குறையுங்கள். வெளியூருக்குக் கூரியர் அனுப்புகிறவர் என்றால் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும், ஏரியாவுக்குள் மட்டும் என்றால் கூகுளும் வாட்ஸ்அப்பும். வாரத்துக்கு ஒரு கேள்வி, ஒரு பதில், அது போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் வெட்டி அனுப்பியது போக மிச்ச நேரம் சாட்டில் பதில் சொல்ல. கையில் நேரம் இன்னும் சுருங்கினால் முதலில் யூடியூபை விடுங்கள், அடுத்து ரீலை விடுங்கள். கேட்டலாக்கில் விலை திருத்துவதையும் கூகுளில் கடை நேரத்தைச் சரியாக வைப்பதையும் விடாதீர்கள், குறிப்பாகக் கணபதி விசர்ஜன் அன்று கடை மூடியிருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முலுண்டிலிருந்து வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார்.